தொண்டருக்குக் கொடுப்பனவு உண்டு, தொண்டரை ஏற்கும் சங்கத்துக்கு?

இலங்கையில் தேசிய சேவை பற்றிய பேச்சு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தலைகாட்டுவதுண்டு. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருப்போரையும் வேலை கிடைக்காத பட்டதாரிகளையும் ஓராண்டு காலம் சமூகப் பணியில் ஈடுபடுத்தலாம் என்று ஒருவர் யோசனை சொல்வார். அதில் இராணுவப் பயிற்சியின் வாடை வீசக்கூடாது என்று இன்னொருவர் மறுப்பார். அத்துடன் பேச்சு அடங்கிவிடும். விவாதம் முழுவதும் இளைஞரைச் சுற்றியே நடப்பதால், அந்த இளைஞர் திங்கட்கிழமை காலையில் எந்த அலுவலகத்தின் கதவைத் தட்டுவார், அங்கே அவருக்கு வேலை பழக்குபவர் யார், அப்படிப் பழக்குபவரின் சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து வரும் என்பவை கேட்கப்படாமலே போகின்றன. தேசிய சேவைத் திட்டங்களை நீண்டகாலமாக நடத்திவரும் நாடுகளில், ஒரு திட்டம் நிலைப்பதும் குலைவதும் பெரும்பாலும் இந்தக் கேள்விகளுக்குக் கிடைத்த விடையைப் பொறுத்தே இருந்திருக்கிறது.

கொழும்பில் இத்தகைய தொண்டர்களை ஏற்கக்கூடிய அமைப்புகளை எண்ணிப் பார்த்தால் இந்தக் கேள்விகளின் கனம் தெரியும். கொட்டாஞ்சேனையிலோ மட்டக்குளியிலோ மாலை வகுப்பு நடத்தும் ஒரு சனசமூக நிலையம், வெள்ளவத்தையில் முதியோருக்குப் பகல்நேரப் பராமரிப்பு வழங்கும் ஓர் அறக்கட்டளை, களனி ஆறு பெருகும்போது கொலன்னாவைப் பக்கம் சமைத்த உணவு கொண்டு செல்லும் ஒரு கோயில் அல்லது தேவாலயக் குழு ஆகியவை இவ்வகையில் அடங்கும். இவற்றில் பலவற்றுக்கு முழுநேர ஊழியர் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். தலைவரும் செயலாளரும் பொருளாளரும் வேறு தொழில் பார்ப்பவர்கள். சங்க வேலையை மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் பார்ப்பவர்கள். இப்படிப்பட்ட ஓர் அமைப்புக்கு நான்கு தொண்டர்களை ஓராண்டுக்கு அனுப்பினால், முதல் மாதத்தில் அவர்கள் உதவியைவிடச் சுமையாகவே இருப்பார்கள். அது அவர்களுடைய குற்றமன்று. புதிதாக வருபவருக்கு எந்த வேலையிலும் பழக்கம் தேவை. பழக்குவதற்கு ஓர் ஆளின் நேரம் தேவை. அந்த நேரத்துக்கு விலை உண்டு.

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். தொண்டருக்கு மாதக் கொடுப்பனவு 30,000 ரூபாய் என்றும், நான்கு பேருக்குமான 120,000 ரூபாயையும் நிதி வழங்குநர் முழுமையாகத் தருகிறார் என்றும், நிருவாகச் செலவுக்காக அதில் 5 சதவீதத்தை மேலதிகமாகச் சேர்க்கிறார் என்றும் வைத்துக்கொள்வோம். அமைப்பின் கைக்கு வருவது 6,000 ரூபாய். மாதம் 75,000 ரூபாய் சம்பளம் பெறும் ஓர் இணைப்பாளர் தமது நேரத்தில் மூன்றிலொரு பங்கை இந்த நால்வருக்காகச் செலவிட்டால் அதுவே 25,000 ரூபாய். போக்குவரத்து, தொலைபேசி, விபத்துக் காப்புறுதி, இருக்க ஒரு மேசை, பயன்படுத்த ஒரு கணினி எதுவும் இதில் சேரவில்லை. ஆக, இலவசமாகக் கிடைத்த நான்கு பேருக்காக அந்தச் சிறிய அமைப்பு மாதந்தோறும் குறைந்தது 19,000 ரூபாயைத் தன் வேறு வருமானத்திலிருந்து எடுக்க வேண்டும். வேறு வருமானம் இல்லாத அமைப்பு மேற்பார்வையைக் குறைக்கும். மேற்பார்வை குறைந்த இடத்தில் தொண்டர் நிழற்படப் பிரதி எடுப்பவராகவும் தேநீர் வாங்கி வருபவராகவும் மாறுவதற்கு அதிக நாள் பிடிப்பதில்லை.

இந்தச் சிக்கலை மிக விரிவாகச் சட்டமாக்கி, மிக விரிவாகத் தடுமாறியும் இருக்கும் நாடு அமெரிக்கா. அங்கே வறுமை ஒழிப்புக்கான 1964ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ‘விஸ்டா’ என்ற தொண்டர் திட்டம் உருவானது. 1993இல் ஜனாதிபதி கிளின்டன் காலத்தில் நிறைவேறிய சட்டம் ‘அமெரிக்கோர்’ என்ற பெரிய குடையை விரித்தது. விஸ்டாவும் அதற்குள் வந்தது. 2009இல் ஒபாமா கையொப்பமிட்ட இன்னொரு சட்டம் அதை விரிவாக்கியது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இவை ஒரே திட்டம்போலத் தோன்றினாலும், தொண்டரை ஏற்கும் அமைப்பின் பக்கம் நின்று பார்த்தால் முற்றிலும் வேறான இரண்டு நிதி வழிகள் உள்ளே ஓடுவது தெரியும்.

விஸ்டா வழியில் அமைப்பின் கைக்குப் பணம் வருவது அரிது. தொண்டரின் வாழ்க்கைப்படியை மத்திய நிறுவனமே நேரடியாகத் தொண்டருக்குச் செலுத்துகிறது. அந்தப் படி வறுமைக்கோட்டை ஒட்டியே நிர்ணயிக்கப்படுகிறது. ஏற்கும் அமைப்பு பொதுவாக இணை நிதி, அதாவது தன் பங்காக வேறு வழிகளில் திரட்டும் பணம், எதையும் காட்ட வேண்டியதில்லை. மேற்பார்வையாளரும் வேலையிடமும் பணிக்கான பயணச் செலவும் தந்தால் போதும். ஆனால் இந்தத் தொண்டர் பிள்ளைகளுக்கு நேரடியாகப் பாடம் சொல்லிக்கொடுக்கவோ உணவுப்பொதி பரிமாறவோ கூடாது. நிதி திரட்டும் முறையை அமைத்தல், உள்ளூர்த் தொண்டர்களைச் சேர்த்தல், தகவல் பதிவேட்டை ஒழுங்குசெய்தல் என, அவர் போன பின்னும் அமைப்பிடம் எஞ்சக்கூடிய வேலைகளே அவருக்கு உரியவை. சிறிய அமைப்புகளுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இருக்க முடியாது என்பது என் கணிப்பு. பணத்தைக் கையாளும் சுமையும் கணக்குக் காட்டும் சுமையும் அவற்றின் தலையில் விழுவதில்லை.

மற்றைய வழிதான் பெரியது. மத்திய அரசின் பணம், ஆளுநரால் நியமிக்கப்படும் மாநிலச் சேவை ஆணைக்குழுக்கள் வழியாக அமைப்புகளுக்கு மானியமாகப் போகிறது. அதில் ஒரு பகுதி மாநில மக்கள்தொகைக்கு ஏற்பப் பிரிக்கப்படுகிறது. மற்றொரு பகுதிக்கு அமைப்புகள் தேசிய மட்டத்தில் போட்டியிட வேண்டும். மானியம் பெறும் அமைப்பே தொண்டரைச் சேர்த்து, பயிற்சியளித்து, படியும் கொடுக்கிறது. முதல் மூன்று ஆண்டுகளுக்கு மொத்தச் செலவில் குறைந்தது 24 சதவீதத்தை அமைப்பு வேறு வழிகளில் திரட்ட வேண்டும். நான்காம் ஆண்டிலிருந்து அந்தப் பங்கு படிப்படியாக ஏறிப் பத்தாம் ஆண்டில் 50 சதவீதத்தைத் தொடுகிறது. அரசு நிரந்தரமாகத் தோள்கொடுக்காது, சமூகமே மெல்ல மெல்லப் பொறுப்பேற்க வேண்டும் என்பது இதன் தத்துவம். தத்துவத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நடைமுறையில் அந்த ஏணியில் ஏற முடிவது, செல்வந்தர்களோ பெரிய அறக்கட்டளைகளோ பக்கத்தில் இருக்கும் நகர அமைப்புகளுக்குத்தான். வறிய கிராமப்புற மாவட்டங்களுக்குத் தளர்த்தப்பட்ட விகிதம் ஒன்று விதியில் சேர்க்கப்பட்டிருப்பதே இந்தக் குறைக்கு ஒப்புதல் வாக்குமூலம்.

விகிதத்தைவிடக் கடுமையானது பணம் வரும் முறை. வழக்கமான மானியத்தில் அமைப்பு முதலில் செலவழித்து, பின்னர் பற்றுச்சீட்டுகளைக் காட்டி மீளப் பெற வேண்டும். இரண்டு மாதச் செலவைத் தாங்கும் கையிருப்பு இல்லாத அமைப்பு இந்த ஆட்டத்தில் இறங்கவே முடியாது. நிருவாகச் செலவுக்கு மத்திய அரசின் பங்கிலிருந்து 5 சதவீதத்துக்கு மேல் எடுக்கக்கூடாது என்பது மற்றொரு விதி. மேலே போட்ட கணக்கில் 5 சதவீதம் என்று எடுத்துக்கொண்டது இதை மனத்தில் வைத்துத்தான். அமெரிக்காவின் பொதுவான மத்திய மானிய விதிகள் 2024 ஒக்டோபரிலிருந்து மறைமுகச் செலவுக்கு (வாடகை, கணக்கு வேலை போன்ற பொதுச் செலவுக்கு) 15 சதவீதம் வரை எளிய முறையில் கோர இடமளித்திருக்கையில், தொண்டர் மானியத்துக்கு மட்டும் இந்தக் கட்டு தளரவில்லை. இதற்கு மேல், ஒவ்வொரு தொண்டருக்கும் குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு உரிய நாளுக்கு முன் நடந்திருக்க வேண்டும். ஒரு தாள் தவறினாலும் அந்தத் தொண்டருக்கான செலவு ஏற்கப்படாமல் திருப்பிக் கேட்கப்படலாம். சிறுவர்களுடன் வேலை செய்பவர்களைச் சரிபார்ப்பது அவசியம் என்பதில் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. ஆயினும், தேதி பிந்திய ஒரு சான்றிதழுக்காக ஒரு சிறிய அமைப்பு ஓராண்டுச் செலவையே இழக்க நேரக்கூடிய ஏற்பாட்டில், அமைப்பின் கவனம் பிள்ளைகளிடமிருந்து கோப்புகளுக்கு நகர்ந்துவிடுகிறது.

இந்தக் கோப்புச் சுமையைக் குறைக்க 2009ஆம் ஆண்டுச் சட்டம் நிலையான தொகை மானியத்தைக் கொண்டுவந்தது. ஒரு முழுநேரத் தொண்டருக்கு இவ்வளவு என்று ஒரு தொகை பேசி முடிக்கப்படும். தொண்டர் பணிசெய்த மணித்தியாலங்களைக் காட்டினால் போதும். ஒவ்வொரு ரூபாய்க்கும், மன்னிக்கவும், ஒவ்வொரு டொலருக்கும் சிட்டை தேவையில்லை. கேட்க இனிமையான ஏற்பாடுதான். ஆனால் முழுநேரச் சேவை என்பது 1,700 மணித்தியாலம். நடுவில் ஒருவர் விலகினால் அவர் செய்யாத மணித்தியாலங்களுக்கான பணம் வராது. அவர் தமது காலத்தில் 30 சதவீதத்தைக் கடந்துவிட்டிருந்தால் அந்த இடத்துக்கு வேறொருவரைச் சேர்க்கவும் முடியாது. நூறு தொண்டர்களை நடத்தும் பெரிய நிறுவனம் இரண்டு விலகல்களைத் தாங்கும். நால்வரை வைத்திருக்கும் சங்கத்தில் ஒருவர் போனால் காற்பங்கு வரை நிதி போகலாம். இணைப்பாளரின் சம்பளம் மட்டும் அப்படியே நிற்கிறது.

அதே ஏற்பாட்டில் நாம் கவனமாகப் படிக்க வேண்டிய ஒரு நல்ல அம்சமும் இருக்கிறது. சேவையை முடித்தவருக்குக் கல்விக் கொடை ஒன்று கிடைக்கிறது; 2024-25 காலத்தில் முழுநேரச் சேவைக்கு அது 7,395 டொலர். அந்தப் பணம் தனியான தேசிய நம்பிக்கை நிதியிலிருந்து, பல்கலைக்கழகத்துக்கோ கல்விக் கடன் வழங்குநருக்கோ நேராகப் போகிறது. அமைப்புக்கு அதில் எந்தச் செலவும் கடப்பாடும் இல்லை. தொண்டரைக் கொண்டு ஏற்கெனவே இருக்கும் ஊழியரை இடம்பெயர்க்கக் கூடாது என்ற விதியும் கூடவே நிற்கிறது. இவ்விரண்டும் சேர்ந்து, சேவைக் காலம் முடிந்ததும் தொண்டர் எங்கே போவார் என்ற கேள்விக்கு முன்கூட்டியே விடை சொல்லிவிடுகின்றன.

அந்த விடை இல்லாததால் என்ன நேர்ந்தது என்பதற்கு நமக்கு வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. வடக்கிலும் கிழக்கிலும் போர்க்காலத்தில் ஆசிரியர் இல்லாத பாடசாலைகளைத் தொண்டராசிரியர்கள் தாங்கினார்கள். சொற்பக் கொடுப்பனவுக்கும், பல இடங்களில் கொடுப்பனவே இல்லாமலும், ஆண்டுக்கணக்காகப் படிப்பித்தவர்கள் பின்னர் நிரந்தர நியமனம் கேட்டு வீதியில் நின்றார்கள். ஒரு பகுதியினர் கட்டம் கட்டமாக உள்வாங்கப்பட்டார்கள். மற்றவர்கள் வயதெல்லை, கல்வித் தகைமை, வரவுப் பதிவேடு ஆகிய காரணங்களால் வெளியே நின்றார்கள். அவர்களுடைய கோரிக்கை நியாயமானது, ஏனெனில் அவர்கள் செய்தது ஆசிரியரின் வேலை. அந்த வேலையை முடிவுத் திகதி குறிக்காமல், வெளியேறும்போது எதுவும் தராமல் வாங்கிக்கொண்டவர்கள்தான் பொறுப்புச் சொல்ல வேண்டியவர்கள். 2020இல் பல்லாயிரக்கணக்கான பட்டதாரிகள் மாதம் 20,000 ரூபாய்க் கொடுப்பனவுடன் பயிலுநர்களாகப் பிரதேச செயலகங்களுக்கும் பாடசாலைகளுக்கும் அனுப்பப்பட்டபோது மறுதலையான குறை வெளிப்பட்டது. ஆளுக்கான பணம் திறைசேரியிலிருந்து வந்தது. அந்த ஆளை ஏற்ற அலுவலகத்துக்கு இடம், பயிற்சி, மேற்பார்வை என்று எதுவும் கூட வரவில்லை.

பிற நாடுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். உள்நாட்டுப் போர் முடிந்த மூன்றாம் ஆண்டில், 1973இல், நைஜீரியா தன் பட்டதாரிகளைச் சொந்த மாநிலத்துக்கு வெளியே ஓராண்டு பணிக்கு அனுப்பும் திட்டத்தைத் தொடங்கியது. படியை மத்திய அரசு கொடுக்கிறது. ஏற்கும் நிறுவனத்துக்கு நிதி இல்லை என்பதால் வந்தவரை ஏற்க மறுத்துத் திருப்பியனுப்பும் நிறுவனங்கள் அங்கே சாதாரணம். இந்தியாவின் நாட்டு நலப்பணித் திட்டம் 1969இல் காந்தி நூற்றாண்டையொட்டித் தொடங்கியது. இரண்டு ஆண்டுகளில் 240 மணித்தியாலம் என்ற அதன் அளவுகோல் கல்லூரியை மையமாகக் கொண்டது, ஏற்கும் ஊர் அதில் பெரும்பாலும் களம் மட்டுமே. ஜேர்மனி 2011இல் கட்டாய இராணுவ சேவையை நிறுத்திவைத்து, அதனுடன் போன மாற்றுச் சேவையின் (இராணுவத்துக்குப் பதிலாகச் செய்யப்பட்ட சமூகப் பணியின்) இடத்தில் கூட்டாட்சித் தொண்டர் சேவையைத் தொடங்கியபோது, ஏற்கும் நிலையங்களுக்கு அரசே ஒரு பங்கு செலவை ஈடுசெய்யும் முறையையும் அமைத்தது. 27 வயதுக்குட்பட்ட தொண்டரை ஓராண்டில் 25 நாட்கள் கருத்தரங்குக்கு விடுவிக்க வேண்டும் என்ற விதியும் அங்கே உண்டு. முதியோர் இல்லம் நடத்தும் ஒருவருக்கு அந்த 25 நாட்கள் எரிச்சலூட்டலாம். தொண்டரை மலிவான ஊழியராகக் கருத விடாமல் தடுப்பதும் அதே 25 நாட்கள்தான்.

கொழும்பில் இயங்கும் ஓர் அமைப்பு இத்தகைய மானியத்தைப் பெற முனைந்தால் எதிர்ப்படும் முதற்கேள்வி, அது சட்டத்தின் கண்ணில் யார் என்பது. 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவைகள் அமைப்புகள் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்தவை உண்டு. 2007ஆம் ஆண்டுக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகப் பதிவு செய்தவை உண்டு. பிரதேச செயலகத்தில் மட்டும் பதிந்த சங்கங்களும் உண்டு. கோயில், பள்ளிவாசல், தேவாலயத்தின் நிழலில் பதிவே இல்லாமல் நடப்பவையும் பல. மக்களுக்கு மிக நெருக்கமாக இருப்பவை பெரும்பாலும் இந்தக் கடைசி இரண்டு வகையினவே. மானியம் கேட்கும் தகுதி பெறாதவையும் அவையே.

அடுத்தது வரி. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம், அரச சார்பற்ற நிறுவனம் மானியமாகவும் நன்கொடையாகவும் பெறும் தொகையில் 3 சதவீதத்தை அதன் வருமானமாகக் கருதி வரி விதிக்க இடமளிக்கிறது. விலக்கு வாங்கக்கூடிய நோக்கங்கள் இருந்தாலும், விலக்கைப் பெறுவதற்கே ஒரு கணக்காளர் தேவைப்படுகிறார். தொண்டரின் கொடுப்பனவு சம்பளமா என்ற கேள்வி இதைவிடச் சிக்கலானது. சம்பளமென்று கொள்ளப்பட்டால் ஊழியர் சேமலாப நிதிக்கு 12 சதவீதமும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 சதவீதமும் அமைப்பு செலுத்த வேண்டும். 2025 ஏப்ரலில் 27,000 ரூபாயாகவும் 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபாயாகவும் சட்டம் உயர்த்திய தேசிய ஆகக்குறைந்த வேதனமும் குறுக்கே வரும். தேசிய சேவைத் தொண்டருக்கென்று ஒரு சட்ட வரையறை இல்லாதவரை, நேரத்துக்கு வந்து, சொன்ன வேலையைச் செய்து, மாதாந்தம் பணம் பெறும் ஒருவரை ஊழியர் அல்ல என்று தொழில் நியாய சபையில் நிறுவும் பாரம் அமைப்பின் மேலேயே இருக்கும். இளைஞருக்கென 1979இல் தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்துக்கும் 2002இல் தேசிய இளைஞர் படையணிக்கும் சட்டங்கள் வந்தன. அரசு நேரடியாக நடத்தும் அமைப்புகளுக்கு அவை போதும்; ஒரு தொண்டரைச் சமூக அமைப்பிடம் ஒப்படைக்கும்போது நிதி வழங்குநர், அமைப்பு, தொண்டர் என மூவருக்குமிடையே எழும் முத்தரப்பு உறவை அவை தீர்ப்பதில்லை.

நிதியின் நம்பகத்தன்மையையும் பேசாமல் விட முடியாது. 2025 ஜனவரியில் அமெரிக்க வெளிநாட்டு உதவி நிறுத்திவைக்கப்பட்டபோது கொழும்பிலிருந்து இயங்கிய பல கருத்திட்டங்கள் பாதியில் நின்றதை இத்துறையிலுள்ளவர்கள் நன்கு அறிவார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் அமெரிக்கோரின் உள்நாட்டு மானியங்களிலும் ஏறத்தாழ 40 கோடி டொலர் பெறுமதியானவை திடீரென இரத்தாக, முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட தொண்டர்களின் பணி பாதிக்கப்பட்டது. வழக்குத் தொடுத்த மாநிலங்களில் மானியங்களை மீட்டுத் தருமாறு ஜூன் மாதம் நீதிமன்றம் உத்தரவிட்டது. முப்பது ஆண்டுகள் வேரோடிய திட்டத்துக்கே இந்தக் கதி. மீட்பு உத்தரவு வந்தபோது சில அமைப்புகள் தொண்டரை வீட்டுக்கு அனுப்பிவிட்டிருந்தன. கையிருப்பு வைத்திருந்தவை மட்டும் அவர்களைத் தக்கவைத்திருந்தன. எமது பக்கம் இதனுடன் நாணய மாற்றும் சேரும். 2022இன் முற்பகுதியில் 200 ரூபாயை ஒட்டியிருந்த டொலர் அவ்வாண்டின் நடுப்பகுதியில் 360ஐத் தொட்டது. டொலரில் மானியம் வாங்கியவருக்கு ரூபாய் கூடியது போலத் தெரிந்தாலும், விலைவாசி அதை விழுங்கிற்று. ரூபாயில் ஒப்பந்தம் எழுதியவர்களோ தொண்டரின் பேருந்துக் கட்டணத்துக்கே தடுமாறினார்கள்.

இவற்றையெல்லாம் சேர்த்து யோசித்தால், சிறிய சங்கங்களுக்கு நேராக மானியம் வழங்குவதைக் காட்டிலும் ஓர் இடைநிலை அமைப்பை நிறுத்துவதே கொழும்புக்குப் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது. பதிவும் கணக்காய்வு அறிக்கையும் கையிருப்பும் உள்ள ஒரு நிறுவனம் மானியத்தைப் பெற்று, தொண்டரின் ஒப்பந்தம், கொடுப்பனவு, காப்புறுதி, கிராம அலுவலர் சான்றிதழும் பொலிஸ் அறிக்கையும் முதலான கோப்பு வேலை முழுவதையும் தானே சுமக்கலாம். கொம்பனித்தெருவிலும் கிராண்ட்பாஸிலும் வத்தளையிலுமுள்ள பத்துச் சங்கங்கள் அதன் கீழ்த் தொண்டரை மட்டும் ஏற்கலாம். இதற்கு ஆபத்தும் உண்டு. இடைநிலை அமைப்பு தரகராகி, நிருவாகப் பங்கைத் தானே வைத்துக்கொண்டு, சங்கங்களுக்கு ஆட்களை மட்டும் பங்கிடத் தொடங்கலாம். அதைத் தடுக்க மானிய ஒப்பந்தத்திலேயே இரண்டு வரிகள் தனித்தனியாக இருக்க வேண்டும்: ஒன்று இடைநிலை அமைப்பின் நிருவாகச் செலவு; மற்றது, தொண்டரை மேற்பார்வை செய்பவருக்கு அந்தச் சங்கத்திலேயே கொடுக்கப்படும் மாதாந்தத் தொகை. இரண்டாவதை முதலாவதுக்கு மாற்ற அனுமதிக்கக் கூடாது.

இணை நிதியைப் பொறுத்தவரை, பணமாக மட்டுமன்றிப் பொருளாகவும் நேரமாகவும் காட்ட அனுமதித்தால் எமது சங்கங்கள் பெரும்பாலும் தேறிவிடும். கோயில் மண்டபத்தின் வாடகை மதிப்பு, ஓய்வுபெற்ற ஆசிரியை வாரத்தில் இரண்டு மாலை தரும் நேரம், ஊரவர் தரும் மதிய உணவு அனைத்துக்கும் விலை குறிக்கலாம். அமெரிக்க விதிகளும் இத்தகைய பொருட் பங்களிப்பை ஏற்கின்றன. குறிப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்க ஒருவர் வேண்டும், அந்தப் படிவம் தமிழிலும் சிங்களத்திலும் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் முன்மொழிவு எழுதத் தெரிந்த கொழும்பு 7 அலுவலகங்களும் அப்படி எழுதத் தெரியாத கொழும்பு 15 சங்கங்களும் ஒரே மேசையில் போட்டியிடும்போது, தொண்டர் எந்தப் பக்கம் போவார் என்பது விண்ணப்பத் திகதிக்கு முன்பே முடிவாகிவிடுகிறது. முன்மொழிவு எழுதும் உதவியையும், முதல் மூன்று மாதச் செலவை முற்பணமாகத் தரும் ஏற்பாட்டையும் மானியத்தின் பகுதியாகவே சேர்த்தால்தான் அந்தச் சங்கங்கள் விண்ணப்பிக்கும் வரிசையிலாவது நிற்க முடியும்.